அப்பா பார்த்த கடல்

முதல்லயே ஒரு உண்மையை ஒப்புக்கிறேன் மக்களே... நான் இதுவரைக்கும் கடலைப் பார்த்ததே இல்லை! பொறந்தது நாமக்கல் பக்கம். படிக்கிறது திருச்செங்கோடு ரோட்டுல ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். எங்க ஏரியாவுல தண்ணின்னா ஆயிரம் அடி போர்வெல்தான். ஆனா, என்னோட முதல் சிறுகதை எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? 'அவன் மனம் நள்ளிரவுக் கடலாய்க் கொந்தளித்தது!'

காலேஜ் கதைப் போட்டிக்காக எழுதினது. ஹீரோ ஒரு லாரி டிரைவர். எங்கப்பாவும் லாரி டிரைவர்தான். ஸ்கூல் ஃபார்ம்ல 'தந்தை தொழில்'ங்கிற இடத்துல 'பிசினஸ்'னு எழுதினவன் நான். அந்தக் குற்ற உணர்ச்சியைக் கதையில கழுவிடலாம்னு பார்த்தேன். நிலா, ரோஜா, கடல், எரிமலைன்னு அத்தனையையும் இறக்கினேன். ஆறுதல் பரிசு கூடக் கிடைக்கலை.

ஸ்கூல்ல பாடம் நடத்தின தமிழ் ஐயாகிட்ட கதையைக் கொண்டுபோய்க் காட்டினேன். படிச்சு முடிச்சவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா, இதுல டிரைவர் எங்க இருக்காரு? நிலாதானே இருக்கு!" சிரிச்சுக்கிட்டே அசோகமித்திரனோட 'புலிக்கலைஞன்' கதையை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சினிமா ஸ்டூடியோ. சான்ஸ் கேட்டு காதர்னு ஒருத்தர் வர்றார். தன்னால புலி வேஷம் கட்ட முடியும்ங்கிறார். யாரும் பெருசா மதிக்கலை. பையிலிருந்து புலி முகத்தை எடுத்து மாட்டிக்கிட்டு நாலு கால்ல நின்னதும் அந்த அறையே மாறிப்போகுது. பாயறார், தாவறார். பார்க்கிறவங்க அரண்டுபோறாங்க. முகத்தைக் கழற்றினதும் மறுபடி பசியோட நிக்கிற ஒரு மனுஷன். 'ஐயோ பாவம், எவ்வளவு திறமை, எவ்வளவு வறுமை'ன்னு அசோகமித்திரன் எங்கேயும் லெக்சர் அடிக்கலை. அந்தப் புலியும் அந்தப் பசியும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, அவ்வளவுதான். நமக்குத் தொண்டை அடைக்குது. சேலம் ஏற்காடு ரோட்டுல பஸ்ல போகும்போது பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு கண்ணுல படும். 1935-ல ஆரம்பிச்ச ஸ்டூடியோ. இப்போ அந்த வளைவைப் பார்த்தாலே, எத்தனை காதர்கள் அதுக்குள்ள நுழைஞ்சு திரும்பியிருப்பாங்களோன்னு தோணுது.

அடுத்து, நம்ம ஊர்க்காரர் பெருமாள்முருகன். நாமக்கல் அரசுக் கல்லூரியில தமிழ்ப் பேராசிரியரா இருந்தவர். ஒரு நாவலுக்கு வந்த எதிர்ப்பால, 2015-ல இனி எழுதப்போறதில்லைன்னு அறிவிச்சவர். 2016-ல 'பூனாச்சி'யோட நாவலுக்குத் திரும்பி வந்தார். சின்ன நாவல்தான், ஒரு வெள்ளாட்டோட கதை. அதுல ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி அடையாளம் போட ஜனங்க கியூவில நிக்கிற இடம் ஒண்ணு வரும். எங்க தாத்தாவும் ஆடு வெச்சிருந்தவர்தான், படிக்கும்போது சிரிப்பு வந்துச்சு. ரெண்டு பக்கம் தாண்டினதும் பயம் வந்துச்சு. அரசாங்கம், அதிகாரம், பேசவே பயப்படுற ஜனங்க... எல்லாத்தையும் ஒரு குட்டியோட காதுல மாட்டி வெச்சுட்டார்!

அப்போதான் எனக்கு மண்டையில உறைச்சுது. படிமம்ங்கிறது கதைக்குப் போட்டு விடுற நகை இல்லை. அந்த ஆளோட கண்ணு எதைப் பார்க்குது, கை எதைத் தொடுதுங்கிறதுதான். அதை மாத்தினா ஆளே மாறிடுவார். நான் எங்கப்பாவுக்குக் காலண்டர்ல பார்த்த கடலை மாட்டி விட்டிருந்தேன்.

அந்த வாரம் அப்பா லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். திண்ணையில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார். இருபது வருஷத்துல முதல் முறையா அவரை உத்துப் பார்த்தேன். வலது கை, இடது கையைவிட ரொம்பவே கறுப்பு! முழங்கைக்குக் கீழே வேற யாரோ ஒருத்தரோட கை மாதிரி இருந்துச்சு. கேபின் ஜன்னல்ல கையை வெச்சு வெச்சு, வெயில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எரிச்சிருக்கு.

மெதுவா கேட்டேன். "ஏங்ப்பா, நீங்க கடல் பார்த்திருக்கீங்களா?"

"தூத்துக்குடி, விசாகப்பட்டினம்னு எத்தனை ஹார்பர் போயிருக்கறேன்... பாக்காம என்ன கண்ணு."

"எப்படி இருந்துச்சுங்ப்பா?"

சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே யோசிச்சார். "கியூவுல மூணு நாள் வண்டிய நிறுத்தி வெச்சிருந்தப்ப பாத்தேன். உப்புக் காத்துடா... வண்டிக்கு ஆகாது. பாடியெல்லாம் துருப்புடிச்சுப் போயிரும்."

நான் பார்க்காத கடலை நான் கொந்தளிக்க வெச்சேன். பார்த்த மனுஷனுக்கு அது துரு! பக்கம் பக்கமா எழுதியும் எனக்குக் கிடைக்காத அப்பா, அந்த ஒரு வார்த்தையில எதிர்ல வந்து உட்கார்ந்துட்டார்.

கதையை மறுபடி எழுதினேன். நிலா அவுட், ரோஜா அவுட். கறுத்த கையும் துருவும் மட்டும் உள்ளே. 'அவர் குடும்பத்துக்காகத் தன்னையே எரித்துக்கொண்டார்'னு கடைசியா ஒரு வரி எழுதியிருந்தேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி. மனசில்லாம அதையும் அடிச்சேன். கறுத்த கை சொல்லிட்டதை நான் வேற எதுக்கு மைக் புடிச்சுச் சொல்லணும்?

அடுத்த டிரிப் கிளம்பறப்போ அப்பாகிட்ட அந்தக் காகிதங்களைக் கொடுத்தேன். கேபின் விளக்குல, உதட்டை அசைச்சு அசைச்சு, முழுசாப் படிச்சார். ஒண்ணும் சொல்லலை. நாலா மடிச்சு, ஆர்.சி. புக்கும் பெர்மிட்டும் இருக்கிற பிளாஸ்டிக் கவருக்குள்ள வெச்சுக்கிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினார்.

அதுக்கு என்ன அர்த்தம்னு... ம்ஹூம், நான் விளக்கப் போறதில்லை!