இரட்டைத் திருநாள்

ஆகஸ்டு 15-ந் தேதி எங்கள் வீட்டில் இரட்டைத் திருநாள். தேசத்துக்குச் சுதந்திர தினம். கத்தோலிக்கர்களாகிய எங்களுக்கோ மாதா ஆத்ம சரீரத்தோடு மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட தினம். யாரும் பொருத்தம் பார்த்து வைத்ததல்ல. ஜப்பான் சரணடைந்த நாளின் இரண்டாவது ஆண்டு நிறைவு என்று மவுண்ட்பேட்டன் பிரபு குறித்த தேதி அது. மாதாவின் திருநாளோ பல நூற்றாண்டுகள் மூத்தது.

அன்று காலை ஏனாத்தூரிலிருந்து காஞ்சீபுரத்துக்குப் பூசைக்குப் போவோம். பூசை முடிந்ததும் கோவில் வாசலில் கொடியேற்றம், குழந்தைகளுக்கு மிட்டாய். சிறு வயதில் எனக்கு மிட்டாய்தான் பெரிதாக இருந்தது, மாதா மன்னிப்பாளாக!

சில வருஷங்களுக்கு முன் எனக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அப்பா விட்டுப்போன வீட்டைப் பங்கு போடும்போது ஒரு முழ இடத்துக்காக வந்த வினை. சண்டைக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடலாம். நெசவாளிக்கு அதுவும் முடியாது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் கூடவே உட்கார வேண்டும். எனக்கு அந்த ஆள் என் தம்பிதான். ஆகவே ஏழு மாதம் ஒரே தறியில், பேசாமலே நெய்தோம். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

அந்த ஆகஸ்டு 15-ல் சாமியார் பிரசங்கத்தில் காந்தியடிகளைப் பற்றிச் சொன்னார். 1947-ல் தில்லி கோலாகலமாக இருந்தபோது அவர் அங்கே இல்லை. கல்கத்தா பேலியகட்டாவில் ஒரு பழைய வீட்டில் உபவாசம் இருந்து, ராட்டை சுற்றி, பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். இந்துவும் முஸ்லிமும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த நகரம். அதே வீட்டில் அவருடன் தங்கியிருந்தவர் சுஹ்ரவர்த்தி. முந்திய வருஷத்துக் கலவரத்துக்கு இவர்தான் காரணமென்று பலரும் பழித்தவர். இதைச் சொல்லிவிட்டு, சகோதரனோடு மனஸ்தாபம் இருந்தால் காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகும்படி ஆண்டவர் சொன்னதையும் நினைவூட்டினார். அவ்வளவுதான், இறங்கிவிட்டார்.

நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தார்கள். எனக்குக் கால் எழவில்லை. நாலு வரிசை முன்னால் பார்த்தேன். தம்பியும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். ஏனோ அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

கொடியேற்றும்போது அவன் பக்கத்தில் போய் நின்றேன். ஜன கண மன முடிந்தது. என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"நாளைக்குப் பாவு பிணைக்கணும்டா" என்றேன்.

"தெரியும்ண்ணா" என்றான். குரல் கம்மியிருந்தது.

அன்று மாலையே இருவரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று கொஞ்சம் தகராறு. நான்தான் மூத்தவன் என்று முந்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் வீட்டை அளந்தோம். அந்த ஒரு முழம் தம்பிக்கே போயிற்று. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இன்னமும் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.