உதட்டை மட்டும் அசை

"நீ உதட்டை மட்டும் அசைத்தால் போதும், குரல் வேண்டாம்." 2013ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் இப்படிச் சொன்னவன் நான். அதை இங்கே எழுத இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

ஆய்வுக்கு வருவதற்கு முன் போபாலில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இரண்டாண்டுகள் பணியாற்றினேன். தமிழன் என்றால் சங்கீதம் தெரிந்திருக்கும் என்பது அங்கிருந்த தலைமையாசிரியரின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆண்டுவிழாவின் சேர்ந்திசைப் பொறுப்பு அப்படித்தான் என் தலையில் விழுந்தது. நாற்பது பிள்ளைகள், இரண்டு பாடல்கள், ஒரு மாதப் பயிற்சி. ஆறாம் வகுப்பிலிருந்தே ஒவ்வோர் ஆண்டும் குழுவில் பாடிவந்த அவனுக்கு அந்த ஆண்டு குரல் உடைந்திருந்தது. மேல் சுருதியில் தொடங்கிய குரல் திடீரென்று கீழே சரியும், மற்றவர்கள் சிரிப்பார்கள். விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் அவனைத் தனியே அழைத்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவன் தலையசைத்தான்.

விழா நன்றாக நடந்தது. முடிந்ததும் அவனுடைய தாயார் என்னைத் தேடி வந்து நன்றி சொன்னார். பாடல் முழுவதையும் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். "நாற்பது குரலுக்கு நடுவிலும் என் மகன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது, சார்" என்றார். அருகில் நின்ற அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டு அவன் குழுவில் சேரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

என் வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் படித்த அறிவியல் வகுப்பு எனக்கு வேறொன்றைக் கற்றுத் தந்திருந்தது. என் தந்தை ரயில்வே ஊழியர். நான் வளர்ந்தது இட்டார்சியில். அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகளில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் நடைமுறையில் இருந்தது. 1972இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய முயற்சி அது. 'பால் வைக்ஞானிக்' என்ற எங்கள் பாடநூலில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. நால்வர் கொண்ட குழுவாகத் தரையில் அமர்ந்து, செய்து பார்த்து, கண்டதை எங்கள் சொற்களில் எழுத வேண்டும். தேர்வறைக்குப் புத்தகத்தைக் கொண்டு போகலாம்.

ஒருநாள் வகுப்பறையின் நீளத்தை அளந்தோம். எந்த இரண்டு குழுவின் அளவும் ஒத்துப்போகவில்லை. ஆசிரியர் எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுதினார், எதையும் அழிக்கவில்லை. "ஏன் வேறுபடுகின்றன?" என்று மட்டும் கேட்டார். அந்த மணி நேரம் முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. அதற்குச் சற்று முன்னரே நான் எட்டாம் வகுப்பை முடித்திருந்தேன். மாறுபடும் அளவை அழிக்கக் கூடாது, அதுவே விசாரணையின் தொடக்கம் என்ற பாடத்தோடு வெளியேறியவன், மாறுபட்ட ஒரு குரலைக் கேட்டதும் அழித்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அறிவியல் வகுப்பறைகளைக் கவனிக்கும் களப்பணிக்காக மிசோரமின் ஐசால் நகருக்குச் சென்றேன். சேர்ந்திசைக் குழுவை மிசோ மொழியில் 'ஸாய்பௌல்' என்கிறார்கள். அங்கே அது தெருவுக்குத் தெரு, தேவாலயத்துக்குத் தேவாலயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய 'டானிக் சோல்ஃபா' என்ற குறியீட்டு முறையை வேல்ஸ் மிஷனரிகள் அம்மலைகளுக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஐந்து கோடுகளும் புள்ளிகளும் அதற்குத் தேவையில்லை. நம் ச ரி க ம போல எழுத்துகளே சுரங்கள். ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தால் நான்கு குரல்களுக்குமான வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடலாம். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகையும் உண்டு. ஓசையின் ஏற்ற இறக்கத்தைப் பிள்ளைகள் கையால் பிடித்துப் பார்க்கிறார்கள்.

நான் சென்ற உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையே பாடகர் குழுவையும் பயிற்றுவித்தார். மாலைப் பயிற்சியில், நான் போபாலில் கேட்ட அதே உடைந்த குரலைக் கேட்டேன். ஒல்லியான ஒரு பையன். குழு சிரித்தது. ஆசிரியை அவனை விலக்கவில்லை. அவனை மெல்ல மேலும் கீழும் பாடச் சொல்லி, சிரமமின்றி வரும் சுரங்கள் எவை என்று தேடினார். ஐந்து சுரங்கள் கிடைத்தன. பலகையில் நான்கு வரிகளுக்குக் கீழே, அந்த ஐந்து சுரங்களுக்குள் அடங்கும்படி ஐந்தாவதாக ஒரு வரியை எழுதினார். "இது உன்னுடையது" என்றார். அவ்வளவுதான், பயிற்சி தொடர்ந்தது.

மறுநாள் அறிவியல் வகுப்புக்கு வீட்டில் மிச்சமிருந்த ஸ்ட்ராக்களைக் கொண்டு வந்தார். ஒரு முனையைப் பல்லால் கடித்துத் தட்டையாக்கி, இருபுறமும் சாய்வாகக் கத்தரித்து, உதட்டுக்குள் வைத்து ஊத வேண்டும். பூவரச இலையைச் சுருட்டி நம் ஊர்ப் பிள்ளைகள் ஊதும் பீப்பீயின் வழிதான் இதுவும். பாதிப் பேருக்குக் காற்று மட்டுமே வந்தது; மீண்டும் கடித்தார்கள், மீண்டும் வெட்டினார்கள். ஓசை வந்த பிறகு, ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினார்கள். குழல் குறையக் குறையச் சுருதி ஏறியது. நீளம் கூடினால் சுருதி இறங்கும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். "இவனுடைய குரல் இறங்கிவிட்டது. கழுத்து நீளவில்லையே?" வகுப்பு மீண்டும் சிரித்தது, இம்முறை அவனும் சிரித்தான். ஆசிரியை அதற்கு விடை சொல்லவில்லை. ஒரு சாப்பாட்டு டப்பாவின் மேல் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றையும் தடித்தது ஒன்றையும் மாட்டி மீட்டச் சொன்னார். தடித்தது தாழ்ந்து ஒலித்தது. பிறகு எல்லோரும் தங்கள் தொண்டையில் விரல் வைத்து முனகினார்கள். ஸ்ட்ராவில் சுருதியை நிர்ணயிப்பது காற்றுத்தம்பத்தின் நீளம்; தொண்டையில் அதிர்வன குரல்நாண்கள். வளரிளம் பருவத்தில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை விரைவாக வளர்கிறது; நாண்கள் நீண்டு தடிக்கின்றன; குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. புதிய கருவி கைக்குப் பழகும்வரை சறுக்கும். நேற்றுச் சிரித்தவர்கள் இன்று அவன் கழுத்தில் முன்தள்ளியிருந்த குரல்வளையை வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். அவன் சற்றுப் பெருமையோடு நின்றான்.

பள்ளி விழாவில் அவர்கள் பாடியதைக் கேட்டேன். குறையற்ற பாடல் என்று சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் ஒரு பிரிவு தாமதமாக நுழைந்தது. ஆனால் மேடையில் நின்ற ஒவ்வொருவரும் பாடினார்கள். அந்த ஐந்தாவது வரி எங்கே ஓடுகிறது என்று தெரிந்திருந்ததால், எனக்கு அது கேட்டது.

சேர்ந்திசையையும் செய்முறை வகுப்பையும் நாம் வேறுவேறு அறைகளில் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் இயல்பு ஒன்றே: ஒருவருக்காக இன்னொருவர் செய்ய முடியாது. இரண்டும் கெடுவதும் ஒரே வழியில்தான். ஆசிரியர் மேசைமேல் சோதனை செய்ய அறுபது பேர் வேடிக்கை பார்ப்பதும், பதிவேட்டில் சென்ற ஆண்டின் அளவுகளைப் பார்த்தெழுதுவதும், பெற்றோர் செய்த மாதிரியைப் பிள்ளை கண்காட்சியில் வைப்பதும் உதட்டை மட்டும் அசைப்பதுதான். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்புவரை கலையைப் பாடமாக வைக்கச் சொன்னது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை அனுபவவழிக் கற்றலை வலியுறுத்துகிறது. ஆவணங்களில் குறையில்லை. பார்வையாளர் வரும் நாள் நெருங்கும்போது நம் மனம்தான் மாறிவிடுகிறது.

ஐசாலை அப்படியே வேறிடத்தில் நட்டுவிட முடியாது என்பதையும் அறிவேன். வாரந்தோறும் பாடும் சமூகத்திலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். அறுபது பேர் நெருக்கியமர்ந்த வகுப்பில், பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு ஐந்தாவது வரி எழுத நேரமிருக்காது. எனக்கு அந்த நெருக்கடியும் இல்லை. ஒரு மாதம் இருந்தது. 'உனக்கு எந்தச் சுரம் வருகிறது?' என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். நான் கேட்கவில்லை.

சென்ற மாதம் ஒரு பழைய சகஆசிரியர் வழியாக அவனுடைய எண்ணைப் பெற்றுப் பேசினேன். இப்போது வேலையில் இருக்கிறான். தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். "அதெல்லாம் பழைய கதை, சார்" என்றான். சற்றுப் பொறுத்து, "அந்தப் பதிவு அம்மாவிடம் இன்னும் இருக்கிறது. உறவினர் வந்தால் போட்டுக் காட்டுவார். அதில் நான் பாடவில்லை என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை" என்றான்.