தலை சுற்றும் நாள்கள்

மயக்கம் வேறு, தலைச்சுற்றல் வேறு. நம் வீடுகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மயங்கி விழுபவருக்குக் கண் இருளும், நினைவு தப்பும். நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அவர் அறிவார். தலை சுற்றுகிறவருக்கோ நினைவு ஒரு கணமும் தப்புவதில்லை. கட்டில் கவிழ்வதையும், சுவர் ஓடுவதையும், ஓடாத மின்விசிறி சுழல்வதையும் முழு விழிப்போடு அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும். அருகிலிருப்பவருக்கோ அறையில் எதுவுமே அசைந்திராது. நோயின் கொடுமையில் பாதி அந்தத் தனிமைதான்.

ஒன்பது ஆண்டுகளாக இந்நோய் என்னுடன் வாழ்கிறது. சில நாள்களில் படுக்கையில் புரளும்போது வந்து அரை நிமிடத்தில் நின்றுவிடும். சில நாள்களில் காலையில் தொடங்கி மாலை வரை என்னைத் தரையோடு தரையாகக் கிடத்திவிடும். திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது தலை தாழ்த்தி நிமிரும் அந்த நொடியில் பீடமே சாய்ந்து வருவதுண்டு. முன் இருக்கையைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். பக்தி மிகுதி என்று சிலர் எண்ணியிருக்கலாம்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. இரத்தம், இருதயம், கேள்திறன் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாவற்றுக்கும் பிறகு கிடைத்த விடை ஒரே சொல்: "ஒன்றுமில்லை." ஆறுதலாகச் சொல்லப்படும் சொல் அது. ஆனால் சுவரைப் பிடித்து நடப்பவனின் செவியில் "நீ சொல்வது உண்மையில்லை" என்றே அது விழுகிறது. பித்தம் என்றார்கள், இஞ்சிச் சாறும் தனியாக் கஷாயமும் குடித்தேன். கண்ணேறு என்றார்கள். மனக்கவலை என்றார்கள், கவலை நோய்க்குப் பின்புதானே வந்தது என்று யாரிடம் சொல்வது? இவையெல்லாம் அன்பால் சொன்னவை. பெரம்பலூர்க் கடைவீதியில் ஒரு மாலை மின்கம்பத்தைப் பிடித்து நின்றபோது, "வாத்தியாருமா இப்படி?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அந்தி நேரத்தில் தள்ளாடும் ஆணுக்கு நம் ஊர்களில் ஒரே பொருள்தான் உண்டு. முப்பதாண்டு வகுப்பறையில் நின்று ஈட்டிய மதிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் கரைவதைக் கேட்டும் திரும்பிப் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பினால் விழுந்திருப்பேன்.

வரலாறும் இந்நோயாளிகளை எளிதில் நம்பிவிடவில்லை. தலைச்சுற்றலை மூளையின் கோளாறாகவே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியது. 1861இல் பாரிஸ் நகரின் புரோஸ்பர் மெனியர், இதன் இருப்பிடம் உட்செவியாகவும் இருக்கலாம் என்று மருத்துவக் கழகத்தில் எடுத்துரைத்தார். பெரிய வரவேற்பு இல்லை. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். உட்செவி ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராபர்ட் பாரனிக்கு வழங்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். தலையை முறையாகத் திருப்பியே ஒருவகைத் தலைச்சுற்றலைப் போக்கலாம் என்று கண்ட அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லியை அவருடைய சக மருத்துவர்களே நகைத்தார்கள். 1992இல் வெளியான அவரது கட்டுரையின் முறையைத்தான் இன்று உலகெங்கும் கையாளுகிறார்கள்.

அந்த முறை எதைச் சரிசெய்கிறது என்பதை அரியலூர்ப் பகுதியினர் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் சாலையில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டே நம் வாழ்நாள் கழிகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தது. அக்கடலின் சிப்பிகளும் சிற்றுயிர்களும் படிந்து இறுகிய கல் அது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றின் படிமங்களைக் காணலாம். அந்தக் கல்லின் மூலப்பொருளான கால்சியம் கார்பனேட்டுதான் நம் ஒவ்வொருவரின் உட்செவியிலும் நுண்துகள்களாக இருக்கிறது. ஒரு துகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. மேல் எது, கீழ் எது என்று உடல் அறிவதற்கு அத்துகள்களின் எடை உதவுகிறது. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிட்டால், தலை அசைந்து நின்றபின்னும் குழலின் நீர் அசைகிறது. உலகம் சுற்றுவதாக மூளை நம்பிவிடுகிறது. லாரி லாரியாகப் பாறை போகும் ஊரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் என்னைச் சாய்த்துவிட்டது.

திருச்சியில் ஒரு காது மருத்துவர் என்னை மேசையில் அமர்த்தி, தலையை ஒருபுறம் திருப்பிச் சட்டென்று பின்னால் சாய்த்தார். உலகம் சுழன்றது. அவர் என் கண்களையே உற்று நோக்கிவிட்டு என் துணைவியாரை அழைத்தார். "இங்கே பாருங்கம்மா, விழி எப்படித் துடிக்குது!" அவள் குனிந்து பார்த்தாள். நாலாண்டாக எனக்குள் மட்டுமே நடந்துகொண்டிருந்ததை முதன்முறையாக இன்னொருவர் கண்டார். அவள் அழுதாள். நோய் தீர்ந்தது பிற்பாடுதான். அந்தக் கண்ணீரே எனக்குப் பாதி மருந்து.

முழுதும் தீர்ந்ததா என்றால் இல்லை. புரளும்போது வரும் சுற்றல் போயிற்று. மணிக்கணக்கில் நீடிப்பது இன்றும் எப்போதாவது வருகிறது. தலைவலி இல்லாமலே வரும் ஒருவகை ஒற்றைத் தலைவலி நோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். அதற்கு உலக அளவில் இலக்கணம் வகுத்ததே 2012இல்தான். ஆனால் உறுதியாகச் சொல்ல அவருக்கும் இயலவில்லை. பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டித்தாலோ, கை கால் தளர்ந்தாலோ ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓடிவரும்படி எச்சரித்திருக்கிறார். அது பக்கவாதமாக இருக்கக்கூடும்.

கடலில் மூழ்கத் தொடங்கிய பேதுருவை நான் இப்போது வேறுவிதமாக வாசிக்கிறேன். ஐயம் கொண்டதற்காக ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டார் என்பதே நம் நினைவில் நிற்கிறது. மத்தேயு சொல்லும் வரிசையைப் பாருங்கள்: முதலில் கையை நீட்டிப் பிடித்தார், கேள்வி பிறகு வந்தது. எங்கள் பங்கில் நான் வாசகம் வாசிக்கும் நாள்களில் பாடகர் குழு இளைஞன் ஒருவன் யாரும் சொல்லாமலே வாசக மேடையின் அருகில் வந்து நிற்கிறான். என்ன நோய் என்று அவன் கேட்டதில்லை.

வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய ஏலாக்குறிச்சிக்கு ஆண்டுதோறும் செல்கிறோம். அடைக்கல மாதாவின் முன் எத்தனையோ பெயரில்லாத நோய்கள் மண்டியிடுகின்றன. பரிசோதனைச் சீட்டை அங்கே யாரும் கேட்பதில்லை.

சென்ற முறை அங்கே தூணைப் பிடித்தபடி அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, "தலை கிறுகிறுங்குதய்யா, சொன்னா வீட்டுல நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார். எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது என்று கேட்டேன். அவர் என்னையே சிறிது நேரம் பார்த்தார். அப்படி யாரும் கேட்டதில்லையாம். 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மருத்துவரைக் காணும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை நான்காய் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "வலப்பக்கம்யா" என்றார்.