வெறுந்தரைத் தொட்டி

பவளத்தொட்டி வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் விளக்கைப் பற்றிக் கேட்பார்கள், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரைப் பற்றிக் கேட்பார்கள். தரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய் உப்புநீர்த் தொட்டி அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. நான் தரையிலிருந்துதான் தொடங்குவேன். விளக்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், பம்ப்பையும் மாற்றலாம். பாறைக்கு அடியில் கிடக்கும் பலகையை மாற்ற வேண்டுமென்றால் தொட்டியையே பிரிக்க வேண்டும்.

மணல் போடாத தொட்டியைத்தான் வெறுந்தரை என்கிறேன். அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்களுக்கு ஓட்டம் பலமாக இருக்க வேண்டும். 400 லிட்டர் தொட்டி என்றால் மணிக்கு 16,000 லிட்டராவது உள்ளே சுற்ற வேண்டும் என்பது என் கணக்கு. அந்த வேகத்தில் மணல் கிளம்பிப் பவளத்தின் மேல் உட்காரும். மணலுக்குள் மீன் கழிவும் தீவன மிச்சமும் புதைந்து, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏற்றிவிடும். மணல் அழுக்கை மறைக்கும், பலகை காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுத்ததை எடுப்பது நம் வேலை.

கண்ணாடியையே தரையாக விடலாமே, பலகை எதற்கு என்று கேட்பார்கள். பாறை ஒரு முனையில் நின்றால் மொத்தப் பாரமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். ஏதோ ஒரு நாள் கைதவறி ஒரு கல் விழுந்தால் கண்ணாடி விரியும். நடுவில் பலகை இருந்தால் பாரம் பரவும். வெள்ளைப் பலகை வெளிச்சத்தைக் கீழிருந்தும் திருப்பி அனுப்பும், அழுக்கும் அதில் பளிச்சென்று தெரியும்.

பலகைக்கு ஹெச்டிபிஇ நல்லது. சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகையும் படகுகளில் பொருத்தும் ஸ்டார்போர்டும் இந்தப் பிளாஸ்டிக்தான். உப்பு அரிக்காது, தண்ணீரைக் குடிக்காது. அக்ரிலிக் நீரை உறிஞ்சி நாளடைவில் வளையும். ஹெச்டிபிஇ பலகைக்கு இரண்டு குணங்கள் உண்டு, அவை தெரியாமல் கை வைக்கக் கூடாது. ஒன்று, அது மிதக்கும். நாலடிக்கு இரண்டடி, 6 மில்லிமீட்டர் பலகையைக் கடல்நீர் ஏறக்குறைய முந்நூறு கிராம் விசையோடு மேலே தள்ளும். பாறை அமுக்கும் இடம் அடங்கிக் கிடக்கும், பாறை இல்லாத மூலை தூக்கும். இரண்டாவது, சிலிக்கான் அதில் ஒட்டாது. காய்ந்த பிறகு உரித்தால் தோல் போல் வந்துவிடும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பாசிர் ரிஸ் பக்கம் மீன் பண்ணை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர். நாங்கள் எல்லோரும் அங்கிள் என்போம். தொட்டியின் உள் அளவை மேலே எடுத்துப் பலகை அறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார். கீழே, மூலையில் சிலிக்கான் கட்டு இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் நீளும். பத்து டிகிரி ஏறினால் நாலடிப் பலகை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வளரும். இறுக்கமாக அறுத்த பலகை நடுவில் முதுகு தூக்கும்.

பலகை அறுக்கும் ஜிக்சா ரம்பத்துக்குப் பெரிய பல் பிளேடு போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி, அறுத்த கோடு பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். அங்கிள் அறுக்கும்போது மிஷின் சத்தம் ஏறவே ஏறாது. பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் மலாயில் "பெலான், பெலான்" (மெல்ல, மெல்ல) என்பார். அறுத்ததும் விளிம்பை விரலால் முழுக்கத் தடவிப் பார்ப்பார். ஒரு பிசிறு தட்டினாலும் சுரண்டச் சொல்வார். அந்தப் பிசிறு நாளை பம்ப்பின் இம்பெல்லரில் போய்ச் சிக்கும். கழுவ வினிகரும் நல்ல தண்ணீரும் போதும். சோப்பு கூடாது.

அடிப்பக்கத்தை 60ஆம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் காடி போட வேண்டும். சிலிக்கான் ஒட்டாவிட்டாலும் காடிக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கான் வேண்டாம், மீன்தொட்டிக்கென்றே விற்பதை வாங்குங்கள். பலகையை ஒரு பக்கம் வைத்து, மெல்ல மறுபக்கம் சாய்த்து, காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இறக்க வேண்டும். அடியில் காற்று நின்ற இடத்தில் பின்னால் தண்ணீர் புகும், தண்ணீரோடு அழுக்கும் புகும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். மேலே பாரம் ஏற்றி, சுற்று விளிம்பைச் சிலிக்கானால் மூடி, புளித்த வாடை முழுக்கப் போகும்வரை காத்திருங்கள். நான் ஒரு வாரம் விடுவேன். வாடிக்கையாளர் போன் போட்டுக்கொண்டேதான் இருப்பார்.

ஒரு வீட்டில் செலவை மிச்சம் பிடிக்க இரண்டு வெட்டுப் பலகைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் ஓடிய இணைப்பு முழுவதும் கறுப்பாக இருந்தது. சைஃபன் குழாய் போகாத சந்து அது. பலகை ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

பாறையை ஒட்டுவதற்கு முன் ஓட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் விட்டு, ஓட்டம் தரும் வேவ்மேக்கரை இரு பக்கமும் ஓட்டி, ஒரு சிட்டிகை தீவனத்தூளைத் தூவுங்கள். அது எங்கே போய்க் குவிகிறதோ அங்கேதான் வருங்காலம் முழுக்க அழுக்கு குவியும். அந்த இடம் முன்பக்க மூலையாக, கை எட்டும் இடமாக அமையும்வரை வேவ்மேக்கரைத் திருப்புங்கள். பிறகு பாறை. மூன்று கால் ஊன்றி நிற்க வேண்டும், அடியில் தண்ணீர் புகுந்து வெளியேற வேண்டும், பின் கண்ணாடிக்கும் பாறைக்கும் இடையில் கை நுழைய வேண்டும். பாறையை வைத்ததும் அங்கிள் முஷ்டியால் ஒரு தட்டு தட்டுவார். ஆடினால் மறுபடி முதலிலிருந்துதான்.

வெறுந்தரைக்குப் பொருந்தாத உயிர்களும் உண்டு. மணலில் புதைந்து தூங்கும் ஹாலிகோயரஸ் வகை ராஸ் மீனை வாங்கி விட்டால், அது இரவில் பலகையில் மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மணலைச் சலிக்கும் கோபி மீனும் பட்டினி கிடக்கும்.

அளவுக்கு மீறிய சுத்தமும் ஆகாது. வாரம் இருமுறை தரையை உறிஞ்சி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோன ஒருவர் பெருமையாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பவளமெல்லாம் வெளிறி, பாறையில் டைனோஃபிளாஜெலேட் என்னும் நுண்ணுயிரின் சளி இழை இழையாகத் தொங்கியது. மீனுக்குக் கூடுதலாகத் தீவனம் போடச் சொன்னேன், உறிஞ்சுவதைக் குறைக்கச் சொன்னேன். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பக்கம் நிற்கட்டும். பவளமும் சாப்பிட வேண்டும் அல்லவா?

வெள்ளைப் பலகை வெறிச்சென்று இருக்கிறதே என்று முதல் மாதங்களில் முகம் சுளிப்பார்கள். ஓர் ஆண்டு போகட்டும். ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுண்ணப்பாசி படர்ந்து, பலகை எது பாறை எது என்று தெரியாமல் போகும். அதைச் சுரண்டாதீர்கள்.

ஊரிலிருந்து இதைச் செய்ய நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே சிங்கப்பூரில் கல்பவளம் இறக்குமதி செய்ய, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் அனுமதி வேண்டும். இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து செத்த பவளக்கல்லைக்கூடத் தொடாதீர்கள். பீங்கான் பாறை போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்தது வேண்டாம். பலகை வேலை இங்கேயும் ஊரிலும் ஒன்றுதான். அளவெடுப்பதிலும் காயவிடுவதிலும் மட்டும் அவசரப்படாதீர்கள்.