பெரம்பலூரில் ஒரு பழைய பரண்

திருச்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பெரம்பலூர். ரயில் கிடையாது, ரயிலில்தான் வருவேன் என்றால் அரியலூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது பெரம்பலூர். 2007-ல் அரியலூர் தனிக்குடித்தனம் போய்விட்டது. இருந்தாலும் இரண்டும் இன்றைக்கும் அக்கா, தங்கை மாதிரிதான்.

அங்கே என் நாத்தனார் வீடு. போய் இறங்கியதும் கண்ணில் பட்டது, மக்காச்சோளக் கொல்லையில் பளபளவென்று எதுவோ மின்னியதுதான்.

"பழைய சி.டி. அண்ணி! கயிறுல கட்டி விட்டிருக்கோம். காத்துல சுத்தறப்போ வெயில் பட்டு மின்னுதா, கிளி கிட்ட வராது. ஆனா கொஞ்ச நாள்ல அதுங்களுக்குப் பழகிடும். இடத்தை மாத்தி மாத்திக் கட்டணும்" என்றாள்.

2011-ல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகு, கிராமத்து வீடுகளிலும் கம்ப்யூட்டர் நுழைந்துவிட்டது. இவள் பெண்கள் இருவரும் படித்து முடிக்க, அவையும் உழைத்து ஓய்ந்து, ஒரு பழைய மேஜைக் கம்ப்யூட்டரோடு பரணில் ஏறிவிட்டன. அவற்றை இறக்கி இவர்கள் செய்திருந்த வேலைகளைப் பார்த்து அசந்துபோனேன்.

ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே நல்ல பலமான காந்தம் இருக்கிறது. அதைத் தையல் மெஷின் பக்கத்தில் உயரமாக ஒட்டி வைத்தால், ஊசியும் கத்தரிக்கோலும் தேட வேண்டாம். மேஜைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் வட்டத் தகடு கண்ணாடி மாதிரி முகம் காட்டும். (லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடித் தகடே, கையில் உடைந்தால் ஆபத்து, தொடாதீர்கள்.) கீ போர்டு எழுத்துகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைத்து அட்டையில் ஒட்டினால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஏ, பி, சி, டி பலகை தயார். காலி இரும்புப் பெட்டி செருப்பு அலமாரியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரிப்பேர்க் கடைக்காரர் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கை ஒரு சின்ன உறைக்குள் பொருத்திக் கொடுக்க, மூத்தவளின் வளைகாப்புப் படங்கள் அத்தனையும் திரும்பக் கிடைத்துவிட்டன!

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. இரண்டு வயதுப் பேரன் தரையிலிருந்து எதையோ பொறுக்கி வாய்க்குக் கொண்டுபோனான். பாய்ந்து கையைப் பிடித்தேன். எட்டணா நாணயம் மாதிரி ஒரு பட்டன் செல்! கம்ப்யூட்டர் தாய்ப்பலகையில் இருந்து கழன்று விழுந்தது. எனக்குக் கை கால் எல்லாம் வெலவெலத்துவிட்டது.

இளம் தாய்மார்களே, இதை மறக்காதீர்கள். அந்த செல் உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் பாய்ந்து, இரண்டே மணி நேரத்தில் உட்புறத்தைப் புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே போதும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காந்தமும் அப்படித்தான், இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் நடுவில் குடலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உப்பிய லேப்டாப் பேட்டரியைக் குத்தவோ நெம்பவோ வேண்டாம், தீப்பிடிக்கும். கரண்ட் வாங்கும் பெட்டியையும் பழைய டி.வி. மாதிரியான திரையையும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

மறுநாள் அரியலூர் போனோம். வழியெல்லாம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள். ஊருக்கு வெளியே ஓரிடத்தில் செம்புக்காக வயர்களைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புகை, பக்கத்திலேயே குழந்தைகள் விளையாட்டு. அந்தப் பிளாஸ்டிக் புகையில் டயாக்ஸின் என்ற நஞ்சு உண்டு. பலகைகளின் பற்றவைப்பிலோ ஈயம் இருக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

"நாமளும் போன தீபாவளிக்கு மிச்ச வயரையெல்லாம் கடைக்காரர்கிட்ட எடைக்குத்தானே போட்டோம் அண்ணி?" என்று நாத்தனார் மெல்லக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, விற்ற பொருள் பழசானதும் அது முறையாக மறுசுழற்சிக்குப் போவது தயாரிப்பாளர் பொறுப்பு. ஆகவே உபயோகமானதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். அதுவரை ஒரு மூடிய டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

திரும்பும் வழியில் சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்தோம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்து கல்லாகிப்போன மரம். நீளம் சுமார் 18 மீட்டர். மண் எதையும் மறப்பதில்லை என்று தோன்றியது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக என் வீட்டுப் பரணில் ஏறினேன். நீங்களும் ஒருமுறை ஏறிப் பாருங்களேன்!