முதலில் வீட்டுக்குச் சொல்லட்டும்

கவுன்சலிங் முடிந்து பொறியியல் கல்லூரிகள் திறக்கும் நாட்களில் இராஜபாளையம் ரயில் நிலையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது பார்க்க வேண்டும். புது பக்கெட், தலையணை, முறுக்கு டப்பா என்று ஒரு குடும்பமே மூட்டை தூக்கி நிற்கும். ஏறுவது ஒரே ஒரு பிள்ளை. வழியனுப்புகிறவர்களில் பலர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்ப்பவர்கள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்பவர்கள். கல்லூரியில் பாடம் நடத்தும் என்னிடம் அவர்கள் சொல்வது இதுதான்: "நாங்க படிக்காதவங்க சார். இனிமே அவனுக்கு நாங்க என்ன செஞ்சுர முடியும்?"

நிறையவே செய்ய முடியும்.

ப்ளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்ற மாவட்டம் நம் விருதுநகர். அதிகாலையில் எழுப்பிவிட அம்மா, மாலையில் தனி வகுப்பு எடுக்க ஆசிரியர் என்று பள்ளி நாட்களில் பிள்ளையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். விடுதியில் எழுப்ப ஆள் கிடையாது. தமிழ்வழியில் படித்தவனுக்குப் பாடம் முழுக்க ஆங்கிலத்தில் ஓடுகிறது. பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்தவன் முதல் இன்டர்னலில் பாதி மதிப்பெண்கூட எடுக்க முடியாமல் தடுமாறுகிறான். இரவு வீட்டிலிருந்து போன் வருகிறது.

"ஏய்யா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"நல்லாப் படிக்கியா?"

"படிக்கேம்மா."

கேட்டது முழுக்க அன்பு. ஆனாலும் சொல்ல வேண்டியது எதுவும் வெளியே வரவில்லை. கல்விக் கடன் வாங்கியதும் நகையை அடகு வைத்ததும் அவனுக்குத் தெரியும். "உனக்காகத்தானே இவ்வளவும்" என்று நாம் சொல்லச் சொல்ல, "என்னால முடியலம்மா" என்கிற வார்த்தை அவன் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளி வேறு மாதிரி பேசினார். ரிங் பிரேமில் நூல் அறுந்தால், பாபினிலிருந்து நுனியை எடுத்து, டிராவலரில் மாட்டி, முன் ரோலரில் வரும் பஞ்சோடு சட்டென்று சேர்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குக் கை வரவே இல்லையாம். ஒன்றைச் சேர்ப்பதற்குள் நாலு அறுந்துவிடும். வேலையை விட்டு ஓடிவிடலாமா என்று இருந்தபோது, பக்கத்து பிரேமில் நின்ற மூத்தவரிடம் கேட்டுத்தான் பழகினார். அதை ஒரு ராத்திரி போனில் மகனிடம் சொல்லியிருக்கிறார். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மகன், "கணக்குல அரியர் விழும்போல இருக்குப்பா" என்றான். அப்பா திட்டவில்லை. "அங்க யாருகிட்ட கேட்டா சொல்லித் தருவாங்க?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவன் வகுப்பு ஆலோசகரைத் தேடிப் போனான். கணக்குச் சொல்லித்தர அந்த அப்பாவுக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கலாம் என்கிற தைரியத்தை அவர்தான் கொடுத்தார்.

மாணவர்கள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ, 1975இல் வெளியிட்ட கட்டுரையில் கல்லூரிச் சூழலோடு ஒன்றிப்போவதையே பெரிதாகப் பேசினார். வீட்டையும் ஊரையும் விட்டு விலகினால்தான் அது நடக்கும் என்ற கருத்தைப் பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். வீட்டின் துணை பல மாணவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்று காட்டினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் காண்பதும் அதுவே.

துணை என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வதல்ல. அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வந்தால், அதைப் பிள்ளையே செலவு செய்து கணக்கு வைக்கட்டும். விடுதிச் சாப்பாட்டுக் குறையை அவனே போய் வார்டனிடம் பேசட்டும்.

ராகிங் அப்படியல்ல, அங்கே பெற்றோர் உடனே இறங்க வேண்டும். 1996இல் ராகிங்கில் கொல்லப்பட்ட முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, ஒரு துணைவேந்தரின் மகன். மறு ஆண்டே தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. படித்த வீட்டுப் பிள்ளைக்கும் படிக்காத வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து ஒன்றுதான். ராகிங் புகாருக்கு 1800-180-5522, மனம் தளர்ந்தால் பேச 14416. இரண்டு எண்களும் உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் இருக்கட்டும்.

முதல் செமஸ்டர் முடிவு வருவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "என்ன ஆனாலும் முதல்ல எங்கிட்ட சொல்லுய்யா, திட்ட மாட்டேன்." சொன்ன பிறகு, அரியரே வந்தாலும், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அதைச் செய்ய எந்தப் பட்டமும் தேவையில்லை.