கற்கண்டும் கோட்டை பாண்டும்

கோடையில் வானிலை அறிக்கை கேட்பவர்களுக்குத் திருத்தணி என்றால் முருகனுக்கு முன்பே வெயில் நினைவுக்கு வரும். வேலூரை ஒட்டியே அதன் பெயரையும் வாசிப்பார்கள். அப்படியொரு மே மாதத்தில், கருங்கல் காலைச் சுட, வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தணிகைமலையின் 365 படிகளையும் ஏறினேன்.

சென்னையை விட்டு ஓடிவந்திருந்தேன் என்பதே உண்மை. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து, பக்கவாத்தியம் வாசித்துப் பிழைக்கலாம் என்று போனவன். எழும்பூரில் இறங்கிய அன்று என்னைத் தாக்கியது வெயிலோ கூட்டமோ அல்ல, சத்தம். ஒவ்வொரு பேருந்தின் ஒலிப்பானும் ஒவ்வொரு சுருதியில் அலறியது. எதுவும் எதனோடும் சேரவில்லை. பத்து நாள் கழித்துக் கிடைத்த முதல் கச்சேரியில் வியர்வையால் விரல் தந்தியில் வழுக்கியது. இரண்டாவது ராகத்தை ஆலாபனை செய்த பாடகர், எனக்கு விடாமலேயே கீர்த்தனையைத் தொடங்கிவிட்டார். பக்கவாத்தியக்காரர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

மலையேறும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835). காசியில் சிதம்பரநாத யோகியிடம் சில ஆண்டுகள் இருந்து திரும்பியவர், இங்கே தியானத்தில் அமர்ந்திருக்க, கிழவர் ஒருவர் வந்து அவர் வாயில் கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்பது மரபு. அதன்பின் பிறந்த முதல் கீர்த்தனை மாயாமாளவகௌளையில் அமைந்தது. சரளி வரிசை கற்கும் குழந்தைக்கு முதலில் சொல்லித்தரும் ராகம். அங்கிருந்து எட்டு வேற்றுமைகளிலும் குருகுகனைப் பாடினார்.

கற்கண்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்று வேண்டியிருந்தது அதற்கு முந்தைய கதை. தந்தை ராமசுவாமி தீட்சிதர், முத்துகிருஷ்ண முதலியாரின் அழைப்பின்பேரில் குடும்பத்தோடு சென்னையை அடுத்த மணலிக்குக் குடிபெயர்ந்தார். முதலியார் குடும்பம் கும்பினியோடு நெருங்கிய தொடர்புடையது. புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு இசையைச் சகோதரர்கள் கேட்டது அந்தத் தொடர்பால்தான். பெரிய மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த முரசும் பித்தளைக் குழல்களும் எப்படி இருந்திருக்கும்? தீட்சிதர் அதைப் பற்றிக் குறிப்பெதுவும் எழுதி வைக்கவில்லை. சுமார் நாற்பது நோட்டுஸ்வர சாகித்யங்களை விட்டுச் சென்றார். எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில், கமகமே இல்லாமல். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுக்குக்கூடச் சமஸ்கிருதத்தில் தேவி துதி!

"அதெல்லாம் பிள்ளைகளுக்கு" என்று என் குருநாதர் ஒதுக்குவார். நானும் வெகுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வேங்கடமகி மரபில் ஊறிய ஒருவர், அசையாத சுரங்கள் அணிவகுத்துப் போவதைக் காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்டு, அவற்றின் போக்கிலேயே விட்டுச் சொல் அமைத்தாரே, அது சின்ன காரியமா? தம்பி பாலுசுவாமி ஒரு படி மேலே போய் வயலினையே கற்றுக்கொண்டார். நம் கச்சேரி மேடைக்கு அந்த வாத்தியம் வந்த கதையை அவரிலிருந்துதான் தொடங்குவார்கள். எந்த நகரத்தின் சத்தத்துக்கு அஞ்சி ஓடிவந்தேனோ, அந்த நகரத்தின் சத்தம்தான் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே நல்ல கூட்டம். பாதிப் பேர் தெலுங்கில் வேண்டிக்கொண்டிருந்தார்கள். 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தானே. தரிசனம் முடிந்து மண்டப நிழலில் பெட்டியைத் திறந்தேன். வெயிலில் பிருடைகள் தளர்ந்து நான்கு தந்தியும் தொய்ந்து கிடந்தன. சுருதி சேர்க்க வெகுநேரம் ஆயிற்று. சிறு வயதில் பாடமான நோட்டுஸ்வரம் ஒன்றை மெல்ல வாசித்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய சிறுமி ஒருத்தி அருகில் வந்து நின்றாள். அவளுக்குப் பாட்டு தெரிந்திருந்தது; பள்ளியில் சொல்லித்தந்தார்களாம். தாளம் தப்பாமல் கடைசி வரை பாடினாள்.

சாயங்காலம் சென்னைக்கே சீட்டு வாங்கினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ரயிலின் ஊதல் எந்தச் சுருதி என்று கண்டுபிடிக்க முயன்றேன். அரக்கோணம் வருவதற்குள் இரண்டு முறை தீர்ப்பை மாற்ற வேண்டியதாயிற்று.